காய மறுத்த பன்னிரண்டு படங்கள்

அவர் பொறுப்பில் இருப்பவை நூற்று எண்பத்தாறு தையல் மிஷின்கள். அவர் வரைந்த படங்களிலேயே மிகப் பெரியதன் உயரம் ஏழு அங்குலம்.

சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் மெக்கானிக். இருபத்தேழு வருடமாக ஒரே தளம். அங்கே யாருக்கும் அவர் பெயர் தேவைப்பட்டதில்லை. எண்ணெய்க் குப்பியோடு வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருப்பதால் 'ஆயில் அண்ணா'. கணக்குப் பிரிவில்கூட அப்படிச் சொன்னால்தான் யாரென்று தெரியும். ஊசி உடைந்தால், நூல் அறுந்தால், மிஷின் முனகினால், யாராவது ஒருத்தி வேலையை நிறுத்தாமலேயே கழுத்தைத் திருப்பிக் கூப்பிடுவாள். அவர் போவதற்குள் பாதி நோயைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வண்ணம் அவரைப் பிடித்தது ஐம்பத்தொன்றாவது வயதில். ஒரு சாயங்காலம் மழைக்கு ஒதுங்கிய இடம் ஓவியப் பொருள் விற்கும் கடை. கடைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு மஞ்சள் குழாயைப் பிதுக்கிக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் அதையே பார்த்தார். மழை விட்டது. அவர் நகரவில்லை.

"என்ன சார் பார்க்கறீங்க?"

"இல்ல, கிரீஸ் மாதிரியே இருக்கு. ஆனா மஞ்சளா இருக்கு."

அன்று வீட்டுக்குப் போகும்போது பையில் ஆறு குழாய்களும் இரண்டு தூரிகைகளும் வண்ணத்தில் கலக்க ஒரு குப்பி எண்ணெயும் இருந்தன.

முதல் படம் ஒரு எலுமிச்சம்பழம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரைந்ததால் மூன்று வாரம் பிடித்தது. எதிரே வைத்திருந்த பழமோ மூன்று வாரம் காத்திருக்கவில்லை. சுருங்கிப் பழுப்பேறிக்கொண்டே போனது. உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்று நினைத்த அவர் ஒவ்வொரு வாரமும் படத்தையும் அதற்கேற்பத் திருத்தினார். முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கும் அந்த அம்மாள், எதையும் இரண்டு முறை படித்த பிறகே வாய் திறப்பவர். படத்தையும் இரண்டு முறை பார்த்தார்.

"உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்குங்க."

அவர் சோர்ந்துபோகவில்லை. மறுநாளே ஒரு கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டார். கோப்பை சுருங்காது.

படம் ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்பவர்களுக்கு அவரிடம் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அட்டை. சட்டையை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த அட்டையில் மூலை மடங்கியவற்றைப் பேக்கிங் பிரிவில் கழித்துப் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கி, இரண்டாக வெட்டி, இரண்டு முறை வெள்ளைப் பூச்சு கொடுத்தால் ஐந்துக்கு ஏழு அங்குலத்தில் அருமையான பலகை. இன்னொன்று இடம். வீட்டில் அவருக்குக் கிடைத்த ஓவியக்கூடம் வாஷிங் மிஷினின் மூடி. துணி ஊறும்போது வரையலாம், அலசும்போதும் வரையலாம். பிழியும்போதுதான் ஆபத்து.

"ஏங்க, ஸ்பின்னுக்குப் போகுது! பிரஷ்ஷை எடுங்க, பிரஷ்ஷை எடுங்க!"

அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். மிஷின் தடதடவென்று ஆடி ஓயும். பிறகு வேலை தொடரும். ஆரம்ப காலப் படங்கள் சிலவற்றில் கோப்பையின் விளிம்பு நடுங்கியிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வெள்ளைக் கோப்பையின் நிழலில் கறுப்பு இல்லை, ஊதாவும் கொஞ்சம் பச்சையும்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்த வாரம் தொழிற்சாலையில் யாருக்கும் நிம்மதி இல்லை. தரம் பார்க்கும் மேஜைக்கே போய்விட்டார்.

"ஏம்மா, இந்த வெள்ளைச் சட்டை வெள்ளையே இல்ல, தெரியுமா? மடிப்புல பாரு, ஊதா. இங்க பாரு, மஞ்சள்."

"அண்ணா, சத்தமா சொல்லாதீங்க. மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆயிடும்."

இப்படி மூன்று வருடங்கள். அறுபது, எழுபது படங்கள் ஆயிருக்கும். கெட்டில், ஜக்கு, கத்தரிக்கோல், பட்டன் டப்பா, ஒற்றைச் செருப்பு. மனைவியைத் தவிர யாருக்கும் அவர் முழுதாகக் காட்டியதில்லை. ஆனால் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஊர் நூலகத்தில் வாசிப்பு அறைக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட நடை உண்டு. அதன் ஒரு பக்கச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். முறை வரும்போது பதினைந்து நாள் சுவர் அவர்களுடையது. அவர் பெயர் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் நூலகத்திலிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி.

நூலகர் இரண்டு விதிகளைச் சொன்னார். பன்னிரண்டு ஆணியிலும் படம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுவர் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் தபால்தலை சேகரிப்பவர், எப்போதும் தயாராக இருப்பவர். இரண்டாவது விதி, படம் காய்ந்திருக்க வேண்டும்.

"அந்த நடை நாலடிதான் சார் அகலம். எல்லாரும் சுவத்துல உரசிட்டுத்தான் போவாங்க. போன வருஷம் ஒருத்தர் ஈரமா ஒரு கடல் படத்தை மாட்டிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள்ல பாதிக் கடல் ஆறேழு பேர் முதுகுல ஏறிப் போயிடுச்சு. அதுல ஒருத்தர் வக்கீல்."

"என் படமெல்லாம் எட்டு மாசத்துப் படம் மேடம். எப்பவோ காஞ்சிருக்கும்."

எட்டு மாதம் என்றது உண்மை. காய்ந்திருக்கும் என்றது நம்பிக்கை. தான் வரைந்ததிலேயே சிறந்தவை என்று அவர் நினைத்த பன்னிரண்டும் அந்த எட்டு மாதத்தில் வரைந்தவை. வாஷிங் மிஷினுக்கு மேலே இருந்த அலமாரியில் தட்டுகள்போல் அடுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சட்டத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்பு, மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வந்த ஓர் அம்மாள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம், உங்க முழங்கையில ஒரு ஜக்கு இருக்கு."

இருந்தது. வெள்ளைக் கோட்டின் வலது முழங்கையில் அழகான சின்ன மஞ்சள் ஜக்கு, கைப்பிடியோடு, இடம் வலமாகத் திரும்பி. காலையில் அலமாரியிலிருந்து சோப்புத்தூளை எடுக்கும்போது மனைவி படத்தின் மேல் சாய்ந்திருக்கிறார். அந்த ஜக்கு வரையப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முழங்கையைத் தூக்கிக் காட்டினார். அவர் ஓடிப்போய் ஒவ்வொரு படமாகத் தொட்டார். கெட்டில் ஒட்டியது. கத்தரிக்கோல் ஒட்டியது. பட்டன் டப்பாவில் விரல் ரேகை அப்படியே பதிந்தது. பன்னிரண்டும் நேற்று வரைந்ததுபோல் பளபளவென்று இருந்தன.

"ஆயில் பெயின்ட்னா லேட்டாத்தான் காயும்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.

"ஆறு மாசத்துல குழந்தையே உட்கார ஆரம்பிச்சிடும்" என்றார் மனைவி. "எனக்கு இந்தக் கோட்டை யார் துவைச்சுத் தரப் போறா?"

வெள்ளிக்கிழமை படங்களை மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தார். சனிக்கிழமை மொட்டை மாடி வெயில். ஞாயிறு முழுவதும் தலைமுடி உலர்த்தும் கருவியோடு ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிடம்; மதியத்துக்கு மேல் கருவி சூடாகி நின்றது. படங்களில் தூசு ஒட்டியதுதான் மிச்சம். ஜக்கில் ஒரு எறும்பும் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை கெட்டில் படத்தை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனார். இஸ்திரிப் பிரிவில் 'நீராவி' என்று எல்லோரும் அழைக்கும் பெண்மணி இருக்கிறார். அவர் மேஜை காற்றை உறிஞ்சும் மேஜை. கீழே பெடலை மிதித்தால் சட்டையின் ஈரத்தை நொடியில் இழுத்துவிடும். அதைவிட வேகமாக உலர வைக்கும் சாதனம் மெக்கானிக்குக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை.

"ஏம்மா நீராவி, இதைக் கொஞ்சம் காய வெச்சுத் தருவியா?"

"இது என்னண்ணா? வாத்தா?"

"கெட்டில்."

"அப்படியா! மூக்கைப் பார்த்து ஏமாந்துட்டேன். கொடுங்க."

பெடலை மிதித்தார். அட்டை மேஜையோடு ஒட்டிக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியை இரண்டு அங்குலம் மேலே பிடித்து, சட்டைக் காலருக்குக் காட்டுவதுபோல் ஒரே ஒரு முறை ஆவியைக் காட்டினார். கெட்டிலின் மூக்கு மெதுவாகத் தலைகுனிந்தது. பிறகு கைப்பிடி சரிந்தது. பின்னால் இருந்த நீலத் திரைச்சீலை மெல்ல நகர்ந்து வந்து மேஜை விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. நீராவி பெடலிலிருந்து காலை எடுக்கவும் மறந்துபோக, இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா," என்றார் நீராவி, "இப்ப நிஜமாவே வாத்து ஆயிடுச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, அவரும் சிரித்தார். ஆனால் விரல்விட்டு நாளை எண்ணினார். சனிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் நேராக ஓவியக் கடைக்குப் போனார். கடைக்காரர் வாத்தாகிப்போன கெட்டிலை முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"சார், இதுல என்ன எண்ணெய் கலந்தீங்க? நான் கொடுத்த ஆளிவிதை எண்ணெய்தானே?"

மெக்கானிக் கொஞ்சம் நெளிந்தார். பிறகு நிமிர்ந்தார். தொழில் தெரிந்த மனிதர் ஒருவர் இன்னொரு தொழில்காரரின் பிழையை நாகரிகமாகச் சுட்டிக்காட்டும் குரலில் சொன்னார்:

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க கொடுத்த எண்ணெய் தரமில்லைங்க. எட்டு மாசம் முன்னாடி பார்த்தேன், மூடியைச் சுத்தி எல்லாம் இறுகிப்போய் பசை மாதிரி ஆயிடுச்சு. அந்த மாதிரி எண்ணெயை நான் என் மிஷின் பக்கத்துலயே விட மாட்டேன். தூக்கிப் போட்டுட்டேன்."

"போட்டுட்டு?"

அவர் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். தண்ணீர்போல் தெளிந்த எண்ணெய்.

"இது எங்க தையல் மிஷினுக்குப் போடறது. முதல் தரம். துணியில கறை பிடிக்காது, வாடை கிடையாது. பத்து வருஷம் வெச்சாலும் ஒரு சொட்டு கெட்டியாகாது, இறுகாது, காயவே காயாது!"

கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். மெக்கானிக், தான் கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தைகளைத் தன் காதாலேயே கேட்டார்.

"அடக் கடவுளே" என்றார்.

"அதான் சார்" என்றார் கடைக்காரர் மென்மையாக.

இருபத்தேழு வருடமாக அவருக்கு ஒரே எதிரி இறுகும் எண்ணெய். அது பாபினைச் சுற்றிப் பிசினாகும், மிஷினைத் திணற வைக்கும். கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டி அவர் விரல் நுனிகள் தேய்ந்திருந்தன. தூரிகை பிடித்த கையிலும் அந்தப் பகை போகவில்லை.

"பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயறது இல்ல சார்" என்றார் கடைக்காரர். "எண்ணெய் காத்து பட்டுப் பட்டு இறுகணும். பிசினாகணும். அப்பதான் கலர் நிக்கும்."

"பிசினோட நான் ஆயுசு பூரா சண்டை போட்டிருக்கேன்பா."

"இங்க பிசின் நம்ம ஆளு சார்."

மெக்கானிக் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாயால். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தூரிகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் ஒதுங்கி நின்றார்கள். மூச்சு வாங்கியதும் கேட்டார்:

"சரி, இந்தப் படமெல்லாம் எப்பதான் காயும்?"

"உங்க மிஷின் எப்ப காயும்னு சொல்லுங்க, அப்ப."

"அப்ப சனிக்கிழமை?"

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து யாரும் அதிகம் கேட்காத ஒரு குழாயை எடுத்து வந்தார். மண்ணிலிருந்து எடுக்கும் பழுப்பு, பெயர் ரா அம்பர். கடையில் உள்ளதிலேயே சீக்கிரம் இறுகும் வண்ணம் அதுதான். எண்ணெயே சேர்க்காமல் டர்ப்பென்டைனில் நீர்க்கக் கரைத்து மெலிதாகப் பூசினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

"வெள்ளை?"

"தொடவே தொடாதீங்க. வாரக்கணக்கா ஈரமா நிக்கும். அட்டையோட வெள்ளையே போதும். முழுசா பழுப்பு பூசிட்டு, எங்க வெளிச்சம் வேணுமோ அங்க துணியால துடைச்சு எடுங்க. துடைச்ச இடம்தான் வெளிச்சம்."

"துடைக்கறதா?" மெக்கானிக்கின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "என் வேலையே அதாங்க!"

வீட்டில் மனைவி கணக்குப் போட்டார். "ஒரு எலுமிச்சைக்கு மூணு வாரம் ஆச்சு உங்களுக்கு. இப்ப பன்னிரண்டு படம், நாலு நாள்."

"முடியும்."

"என்னத்த வரைவீங்க?"

அதை அவர் பேருந்திலேயே முடிவு செய்திருந்தார். யோசித்து வரைய நேரமில்லை. கண்ணை மூடினாலும் தெரியும் பொருளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை உலகத்தில் நூற்று எண்பத்தாறு இருந்தன.

மனைவி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கைப்பையிலிருந்து நான்கு டப்பா பஞ்சுக்குச்சிகளை எடுத்து வைத்தார். "சின்ன இடத்தைத் துடைக்க இது வசதியா இருக்கும். காது குடையறதுக்கு இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், துணி வெட்டும் பெரிய மேஜையின் ஓரத்தில் பன்னிரண்டு வெள்ளை அட்டைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நாற்பத்தைந்து நிமிட இடைவேளை. ஒரு படத்துக்குப் பதினோரு நிமிடம் என்று கணக்கு. அட்டை முழுவதும் பழுப்பைத் தேய்த்தார். மிஷின் துடைக்கும் பனியன் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, காஜா எடுக்கும் மிஷினின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரே இழுப்பு. பளீரென்று ஒரு வளைவு வெளியே வந்தது. அவரே ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

மூன்று வருடமாகத் தூரிகையால் தடவித் தடவித் தேடியது, விரலை எடுப்பதற்குள் வந்திருந்தது.

பத்து நிமிடத்தில் சாப்பாட்டு டப்பாக்களோடு ஒரு கூட்டம் கூடிவிட்டது.

"ஐயோ, இது என் மிஷின்! தலையை ஆட்டுது பாருடி!"

"உன் மிஷினுக்கு ஏது இவ்வளவு இடுப்பு?"

"அண்ணா, என் ஓவர்லாக்குல நாலு நூல் கோன் இருக்கணும், நீங்க மூணுதான் போட்டிருக்கீங்க."

"ஒண்ணு எப்பவுமே காலியாத்தானேம்மா இருக்கும். நான்தான் தினம் பார்க்கறேனே."

கூட்டத்திலேயே பெரிய குரல் காலர் தைக்கும் பெண்ணுடையது. நூற்று எண்பத்தாறு மிஷின்களும் ஓடும்போது அவள் பேசினால் மாடிப்படியில் கேட்கும். அதனால் அவள் பெயர் 'மைக்'.

"அண்ணா, என் மிஷின் இல்லாம கண்காட்சியா? மொத்த தளத்துலயும் கறுப்பு மிஷின் எனக்கு மட்டும்தான்."

"போடறேம்மா."

"எப்ப?"

"வியாழக்கிழமை. கடைசிப் படம் உன்னுது."

"கடைசியா? சரி, கடைசின்னா எல்லாரும் ஞாபகம் வெச்சுக்குவாங்க."

செவ்வாய் நான்கு. புதன் நான்கு. இரவுக்குள் முதல் நான்கும் விரலில் ஒட்டாமல் காய்ந்திருந்தன. மெக்கானிக் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். பஞ்சுக்குச்சி ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் தளத்தைச் சுற்றினார், யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மணி அடிக்கும் நேரத்தில் நான்காவது வரிசையில் ஒரு மிஷின் இறுகி நின்றது. அதைப் பிரித்து மூடுவதற்குள் பத்து நிமிடம் போயிற்று. மிச்ச நேரத்தில் மூன்று படம்தான் முடிந்தது. பதினொன்று.

மைக் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது தளம் முழுவதும் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை, வேலை மணிக்கு இருபது நிமிடம் முன்பே அவரும் மைக்கும் வந்துவிட்டார்கள். அவர் வரைந்தார், அவள் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். சிக்கல் அந்த மிஷினின் நிறத்தில் இருந்தது. மற்றதெல்லாம் வெளிர் மிஷின்கள், துடைத்தால் போதும். இது கறுப்பு. மெலிதாகப் பூசினால் சாம்பலாகத் தெரிந்தது.

"என் மிஷின் இப்படி வெளுத்துப்போயா இருக்கும்?" என்றாள் மைக்.

அவருக்கும் மனசு கேட்கவில்லை. இன்னொரு பூச்சு. அப்புறம் குழாயிலிருந்து நேராக ஒரு கனமான பூச்சு. மிஷின் உருண்டு திரண்டு பளபளவென்று நின்றது. பன்னிரண்டிலும் அதுதான் அழகு. காய்வதற்கு இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக நடையில் மெக்கானிக், மனைவி, நீராவி, மைக் நால்வரும் நின்றார்கள். பிஸ்கட் டப்பாவிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நூலகர் ஒவ்வொரு படத்தின் கறுத்த இடத்திலும் சுண்டு விரலின் பின்பக்கத்தால் தொட்டு, விரலைப் பார்த்து, தலையாட்டி, ஆணியில் மாட்டச் சொன்னார். ஒன்று. ஐந்து. ஒன்பது. பதினொன்று. மெக்கானிக் மனைவியின் கோட்டுக் கையைப் பிடித்திருந்தார்.

பன்னிரண்டாவது படத்தைத் தொட்டதும் நூலகரின் சுண்டு விரல் பழுப்பானது.

"சார்..."

"மெதுவாத்தான் தொட்டீங்களா மேடம்?" என்றாள் மைக். வாசிப்பு அறையில் நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"விதி விதிதாம்மா. நான் தபால்தலைக்காரருக்குப் போன் பண்ணணும்." நூலகருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவர் கைக்குட்டையைத் தேடினார். மருந்தாளுநர் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் நின்றுபோனால் அதன் முன்னால் நிற்பாரே, அப்படி.

"மேடம், விதியை இன்னொரு தடவை சொல்லுங்க."

"பன்னிரண்டு ஆணியில பன்னிரண்டு படம். யார் முதுகுலயும் பெயின்ட் படக் கூடாது."

"ஆணி எந்த உயரத்துல இருக்கணும்னு விதி இருக்கா?"

நூலகர் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார்.

"இல்ல" என்றார்.

அதற்குள் அவர் ஸ்டூலைத் தேடிப் போய்விட்டார். பன்னிரண்டாவது ஆணியைப் பிடுங்கி, நேர்மேலே இரண்டடி உயரத்தில் அடித்தார். சுவர் முழுவதும் பதினொரு மிஷின்கள் ஒழுங்காக வரிசையில் நிற்க, ஒரே ஒரு கறுப்பு மிஷின் கூரைக்குப் பக்கத்தில் பல்லிபோல் ஏறி உட்கார்ந்தது. நூலகர் சுவரோரமாகத் தன் முதுகை உரசிக்கொண்டு நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனார். திரும்பி நின்று, "என் முதுகுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"சுண்ணாம்புதான் இருக்கு" என்றார் மருந்தாளுநர்.

தபால்தலைக்காரருக்குப் போன் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலையிலிருந்து நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். கணவர்கள், பிள்ளைகள் தனி. நாலடி நடையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, மிஷினைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஓவர்லாக் பெண் தன் கணவனிடம் காலியான நாலாவது கோனை விளக்கிக்கொண்டிருந்தாள். நீராவி மட்டும், "என் இஸ்திரிப் பெட்டி எங்கண்ணா?" என்று சண்டைக்கு வந்தார். வாசிப்பு அறையில் 'அமைதி' என்று எழுதிய பலகையை யாரோ நல்லவர் திருப்பி வைத்துவிட்டார்.

மைக் நடையின் நடுவில் நின்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்தினாள்.

"எல்லாருடையதையும் குனிஞ்சு, நேரா பார்த்துட்டீங்க. என்னுதை மட்டும் அண்ணாந்துதான் பார்க்கணும். ஏன்னு கேளுங்க."

யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

மெக்கானிக் மூலையில் நின்று, உள்ளங்கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரென்று தெரியாத ஒருவர், கையில் நூலகப் புத்தகத்தோடு, காஜா மிஷின் படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு விரலை நீட்டி, படத்தில் படாமல், காற்றிலேயே அந்தக் கழுத்தின் வளைவை ஒரு முறை துடைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"பார்த்தியா?" என்றார் மெக்கானிக் மனைவியிடம். "பார்த்தியா, பார்த்தியா?"

"பார்த்தேங்க. கையை விடுங்க, வலிக்குது."

வரும் புதன்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன், நூலகர் ஸ்டூலில் ஏறிப் பன்னிரண்டாவது படத்தைத் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் ஆணி இரண்டடி கீழே இறங்கும். இறக்கக் கூடாது என்று காலர் பிரிவிலிருந்து முப்பத்தோரு கையெழுத்தோடு ஒரு மனு அவருக்குப் போயிருக்கிறது.